பொலார்தியேர்: சித்திரவதைக்கு ஒத்துக்கொள்ளாத பிரெஞ்சு ஜெனரல் (விவாத இழை)

தொடக்கக் கேள்வி, மார்ச் 3, மாலை 6.20

அல்ஜீரியச் சுதந்திரப் போரில் பிரெஞ்சுப் படை செய்ததெல்லாம் எல்லாரும் சேர்ந்து செய்தது. "இது தப்பு, நான் செய்ய மாட்டேன்" என்று சொன்ன பெரிய அதிகாரி ஒருத்தர்கூட கிடையாது. இருந்தால் பெயர் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 10.40

பெயர் இருக்கிறது. ழாக் பாரி தெ பொலார்தியேர். 1956 கடைசியில் பிரிகேடியர் ஜெனரல் ஆனவர். அப்போது பிரெஞ்சுப் படையிலேயே வயதில் இளைய ஜெனரல் அவர்தான். இரண்டாம் உலகப் போரில் நார்விக்கில் சண்டை போட்டவர், பீர் ஹக்கேமில் கண்ணிவெடியில் அடிபட்டவர், ஜெர்மனியிடம் பணியாமல் போரைத் தொடர்ந்த தெ கோல் பக்கம் முதலிலேயே போனவர்களில் ஒருவர். 1957 மார்ச்சில், அல்ஜியர்ஸில் கைதிகளைச் சித்திரவதை செய்து தகவல் கறக்கும் வேலைக்குத் தன் படையைத் தர மாட்டேன் என்று சொல்லி ராஜினாமா செய்தார். 60 நாள் கோட்டைக் காவல் கொடுத்தார்கள்.

எனக்கு இந்தப் பெயர் தெரிந்தது பள்ளிப் பாடத்தில் இல்லை. நாங்கள் புதுச்சேரிக்காரர்கள், எங்களுடையது சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர் வீடு. தாத்தா அல்ஜீரியாவில் இருந்தவர். அவரைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் 3, இரவு 11.25

அவசரத்தில் இரண்டு தப்பு செய்துவிட்டேன். கண்ணிவெடியில் அவர் படுகாயம் அடைந்தது எல் அலமெய்னில். காயம் பீர் ஹக்கேமில் இல்லை.

இரண்டாவது தப்பு பெரியது. 1957-ல் அவர் ராஜினாமா செய்யவில்லை. அல்ஜீரியாவில் தன்னிடம் இருந்த பொறுப்பிலிருந்து விடுவிக்கச் சொல்லி எழுதினார், அவ்வளவுதான். படையை விட்டது 1961-ல். நடுவில் நான்கு வருஷம் சீருடையில் இருந்திருக்கிறார். இதைத் தப்பாகச் சொன்னால் கதையே மாறிவிடும்.

மார்ச் 4, காலை 7.10

"ஒரு ஜெனரல் மறுத்தார் என்பதை வைத்து மொத்தப் படைக்கும் வெள்ளையடிக்கிறீர்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஒருவர் மறுத்ததால், மற்றவர்களும் மறுத்திருக்க முடியும் என்று தெரிகிறது. "மேலிடத்து உத்தரவு, என்ன செய்ய முடியும்" என்ற சாக்கு அவரால் செல்லாமல் போகிறது. அந்தப் படைக்கு அவர் ஆறுதல் இல்லை, சாட்சி.

மார்ச் 4, இரவு 9.50

அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால்தான் 1957 புரியும்.

பிறந்தது 1907, பிரான்சின் மேற்கில் ஷாத்தோபிரியான் ஊரில். பிரெத்தாஞ் பகுதிக் குடும்பம், அப்பாவும் ராணுவ அதிகாரி. சேன் சீர் ராணுவப் பள்ளியில் படித்தார். அடங்காத பையன் என்பதால் 1930-ல் வெளியே வரும்போது கூடப் படித்தவர்களைப் போல அதிகாரியாக வரவில்லை, சார்ஜண்ட் நிலையில் வந்தார். பதவி கொஞ்ச நாள் கழித்துத்தான் கிடைத்தது. பிறகு அந்நியர் படை, அதாவது லெழியோன். மொரோக்கோவின் தெற்குப் பகுதியில் காலனிப் படை வாழ்க்கை. இந்தக் கட்டத்தில் அவர் மற்ற அதிகாரிகளிடமிருந்து எந்த விதத்திலும் வேறுபட்டவராக எனக்குத் தெரியவில்லை.

1940-ல் நார்வே. லெழியோனின் 13-ஆவது அரைப் பிரிகேடில் கேப்டன். நார்விக் துறைமுகத்தை ஜெர்மானியர்களிடமிருந்து பிடித்தார்கள். பிடித்த கையோடு, பிரான்சே விழப்போகிறது என்று விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. பிரெத்தாஞ் கரையில் வந்து இறங்கினால் எதிரே ஜெர்மன் படை. பேம்போல் துறைமுகத்தில் மீன்பிடிப் படகு ஒன்றில் ஏறி இங்கிலாந்து போனார். பிரெஞ்சு அரசின் தலைவராகியிருந்த மார்ஷல் பெத்தேன் சண்டையை நிறுத்து என்று சொல்லியாயிற்று. சட்டப்படி பார்த்தால் இவர் கீழ்ப்படியாதவர். உத்தரவு என்று வந்தாலே கீழ்ப்படிய வேண்டியதில்லை என்பதை 32 வயதில் ஒரு மீன் படகில் கற்றுக்கொண்டவர்.

பிறகு எரித்ரியாவில் கெரென், மசாவா. 1941 ஜூனில் சிரியா. அங்கே அவருடைய 13-ஆவது அரைப் பிரிகேட், ஜெர்மனியோடு ஒத்துப்போன பெத்தேனின் விஷி அரசுக்கு விசுவாசமாக இருந்த இன்னொரு லெழியோன் ரெஜிமெண்டோடு மோதியது. ஒரே தொப்பி, ஒரே பாட்டு, எதிரெதிர் துப்பாக்கி. அதற்குப் பிறகு லிபியப் பாலைவனம், எல் அலமெய்ன், காயம்.

(இதே நேரத்தில், 1940 செப்டம்பரில், நம் புதுச்சேரியும் ஆளுநர் போன்வேன் தலைமையில் தெ கோல் பக்கம் சேர்ந்தது. காலனிகளில் முதலில் சேர்ந்தவற்றில் ஒன்று. கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தை ஜூலை 14-க்கு விளக்கு போட்டுப் பார்க்கிறோமே, பாதிப் பேருக்கு இது தெரியாது.)

மார்ச் 5, இரவு 10.05

ஆர்தேன் காடு. இதை நான் இரண்டு தடவை எழுதி அழித்தேன்.

1944 ஏப்ரலில் பெல்ஜிய எல்லையோரக் காட்டில் பாராசூட்டில் இறங்கினார். தலைமறைவுப் போராளிகளைத் திரட்டுவது வேலை. ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டியில் நேசப்படை இறங்கிய செய்தி வந்ததும், சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வாலிபர்கள் காட்டுக்குள் குவிந்துவிட்டார்கள். எல்லாருக்கும் கொடுக்கத் துப்பாக்கி இல்லை, பயிற்சி தர நேரமும் இல்லை. 12-ஆம் தேதி ஜெர்மன் படை வளைத்துக்கொண்டது. மானீஸ் என்ற இடத்தில் 106 பேர் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்து, பிறகு சுட்டார்கள். பெரும்பாலோர் ரெவேன் ஊர்ப் பையன்கள்.

பொலார்தியேர் தப்பித்தார். அந்த வாலிபர்களை அப்படிக் காட்டில் சேரவிட்டது சரியா என்ற கேள்வி அந்த ஊரில் பல காலம் இருந்தது. நானும் அந்தக் கேள்வியை ஒதுக்க மாட்டேன். ஆனால் ஒன்று. கட்டிப்போட்ட மனிதனை அடித்துத் தகவல் கேட்கும் ஒரு படை என்றால் என்ன என்று அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தன் பொறுப்பில் இருந்த பையன்களின் உடம்பில் தெரிந்துகொண்டார். கிட்டத்தட்ட பதின்மூன்று வருஷம் கழித்து அல்ஜீரியாவில் அவர் மேஜைக்கு அந்த உத்தரவு வந்தபோது இந்த 106 பேரும் அவர் முன்னால் நின்றிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மார்ச் 5, இரவு 11.40

இந்தோசீனா பற்றிக் கேட்டீர்கள். இது எனக்கும் உறுத்தும் இடம்.

போர் முடிந்த கையோடு 1946-ல் பாராசூட் படையோடு அங்கே போனார். இன்னொரு தடவையும் போனார். வியத்நாமியரும் காட்டில் மறைந்து அந்நியப் படையை எதிர்த்தவர்கள்தான். ஆர்தேனில் அவர் இருந்த இடத்தில் இப்போது அவர்கள். அங்கேயும் கைதிகளை வதைத்தார்கள், ஊர்களைக் கொளுத்தினார்கள். அப்போது அவர் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1957-ல் செய்ததை 1947-ல் செய்திருக்கலாமே என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஒரு மனிதருக்குக் கண் திறக்க இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது.

மார்ச் 7, இரவு 8.30

சரி, அல்ஜீரியா.

1956 கோடையில் போனார். பிளிதா பக்கத்து அட்லஸ் மலைப்பகுதி அவர் பொறுப்பு. கையில் இருந்தவர்களில் நிறையப் பேர் திரும்ப அழைக்கப்பட்ட ரிசர்வ் ஆட்கள். வீட்டில் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வந்தவர்கள். சின்னச் சின்னக் குழுக்களாக ஊர்களுக்குள் போய், மக்களோடு பேசி, கூலி வேலைக்கு வழி செய்து, தேவையில்லாமல் சுடாமல் இருந்து பார்ப்போம் என்று ஒரு முறையை முயன்றார். அந்தக் குழுக்களை கர்னல் ரோழே பார்பெரோ நடத்தினார், அவரும் தெ கோல் பக்கத்து பழைய ஆள். அதே பகுதியில் ரிசர்வ் லெப்டினன்டாக இருந்தவர் ழான்-ழாக் செர்வான்-ஷ்ரைபர், லெக்ஸ்பிரஸ் பத்திரிகையைத் தொடங்கியவர். அவர் ஞாபகத்தில் இருக்கட்டும்.

1957 ஜனவரி 7. அல்ஜியர்ஸ் நகரின் போலீஸ் அதிகாரம் முழுவதும் ஜெனரல் மசூவிடம் கொடுக்கப்பட்டது. கொடுத்தது ராணுவச் சதிகாரர் யாரும் இல்லை. சோஷலிஸ்ட் அரசு, சோஷலிஸ்ட் அமைச்சர் லாகோஸ்த். மசூவின் 10-ஆவது பாராசூட் டிவிஷன், நான்கு ரெஜிமெண்ட், நகருக்குள் இறங்கியது. அல்ஜீரியர்கள் வாழ்ந்த பழைய நகரான கஸ்பாவைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, வீட்டுக்கு வீடு எண் போட்டு, ராத்திரியில் ஆளைத் தூக்கினார்கள். ஜனவரி 28-ல், சுதந்திரத்துக்காகப் போராடிய எஃப்.எல்.என். இயக்கத்தின் எட்டு நாள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது கடைகளின் இரும்புக் கதவுகளைப் பிய்த்து எறிந்து திறக்க வைத்தார்கள். தூக்கியவர்களிடம் தண்ணீர், மின்சாரம். மின்சாரத்துக்கு அவர்கள் பயன்படுத்தியது ராணுவத் தொலைபேசியின் கைப்பிடி ஜெனரேட்டர். சிப்பாய்கள் அதற்குச் செல்லப்பெயரே வைத்திருந்தார்கள், "ழெழேன்". பெயர் வைத்துக் கொஞ்சும் அளவுக்கு அது தினசரி வேலை ஆகிவிட்டது.

பொலார்தியேர் பிப்ரவரியில் தன் ஆட்களுக்கு எழுத்தில் உத்தரவு போட்டார். சர்வாதிகார நாடுகள் சில வழிமுறைகளைத் தகவல் திரட்டும் சாதாரண வழியாக எடுத்துக்கொண்டன, அந்த ஆசைக்கு நாம் இடமே கொடுக்கக் கூடாது என்பது சாரம். மார்ச் தொடக்கத்தில், போலீஸ் வேலைக்கே முதலிடம் கொடு என்று மசூவிடமிருந்து வந்தது. நேரில் போய்ப் பேசினார். உன் செய்கையை நான் அருவருக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். இருவரும் தெ கோல் ஏற்படுத்திய விடுதலைச் சிலுவை என்ற ஒரே விருதை வாங்கியவர்கள், நினைவிருக்கட்டும். பிறகு அல்ஜீரியாவில் இருந்த படைகளின் தலைமைத் தளபதி சலானுக்கு எழுதி, தன்னை விடுவிக்கச் சொன்னார்.

இதோடு நின்றிருந்தால் ஓசையில்லாமல் முடிந்திருக்கும். செர்வான்-ஷ்ரைபர் அல்ஜீரியாவில் பார்த்ததை எழுதியதற்காக, படையின் மனவுறுதியைக் குலைத்தார் என்று அவர் மேல் வழக்கு வந்தது. ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லுங்கள் என்று கேட்டார். பொலார்தியேர் கடிதம் கொடுத்தார். உடனடிப் பலன் என்ற பொய்ச் சாக்கைச் சொல்லி, நம் நாகரிகத்துக்கும் நம் படைக்கும் பெருமை தந்த ஒழுக்கத்தை மறந்தால் வரும் பேராபத்து என்று அதில் எழுதினார். மார்ச் கடைசியில் லெக்ஸ்பிரஸ் அதை அச்சிட்டது. ஏப்ரலில் 60 நாள் காவல், லா கூர்நேவ் கோட்டையில். அதற்குப் பிறகு எங்கோ மத்திய ஆப்பிரிக்கா, அப்புறம் ஜெர்மனி என்று தூரமாக அனுப்பிவைத்தார்கள்.

மார்ச் 8, காலை 6.45

"மில்க் பாரில் குண்டு வைத்துப் பெண்கள், குழந்தைகளைக் கொன்றவர்களிடம் பூப்போட்டா கேட்பார்கள்?" என்ற கேள்வி வரும் என்று தெரியும். வந்துவிட்டது.

அல்ஜியர்ஸில் மில்க் பார் என்ற கடையில் எஃப்.எல்.என். குண்டு வைத்தது உண்மை. 1956 செப்டம்பர் 30. ஐஸ்கிரீம் சாப்பிட வந்தவர்களின் கால் போயிற்று. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். மசூவின் வாதமும் அதுதான், குண்டுகள் நின்றனவா இல்லையா? அந்த வருஷம் ஓரளவு நின்றன. ஆனால் எத்தனை பேரைத் தூக்கி அதைச் செய்தார்கள்? அல்ஜியர்ஸ் நிர்வாகத்தின் பொதுச் செயலர் போல் தெத்ழென். அவரும் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்துக்காரர், கெஸ்டபோவிடம் அடிபட்டு, தாஹாவ் முகாமிலிருந்து திரும்பியவர். வீட்டுக்காவல் ஆணைகளில் கையெழுத்துப் போட வேண்டியது அவர். கைதிகளின் உடம்பில், பதினாலு வருஷம் முன்னால் தன் உடம்பில் இருந்த அதே தழும்புகளைப் பார்த்தேன் என்று எழுதி 1957 மார்ச்சில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அவர் கணக்கில் திரும்பி வராதவர்கள் 3,024 பேர். அந்த எண்ணைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேருமா குண்டு வைத்தார்கள்?

ஐந்து வருஷத்தில் அல்ஜீரியா சுதந்திரம் வாங்கிவிட்டது. அந்தப் "பலன்" அவ்வளவு நாள்தான் தாங்கியது.

மார்ச் 8, இரவு 10.30

தாத்தாவைப் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். அவர் சைக்கிளில் முன்கம்பியில் என்னை உட்காரவைத்துப் போவார். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட் கீப்பர் தாத்தாவுக்குத் தெரிந்தவர், நிழலுக்கு வாங்க என்று கூப்பிட்டார். அறைக்குள் சுவரில் மரப்பெட்டித் தொலைபேசி. பக்கத்து ஸ்டேஷனைக் கூப்பிட அவர் கைப்பிடியைச் சுற்றினார். கர்ர் கர்ர் என்று அது சத்தம் போட்டது. எனக்கு ஒரே ஆசை, நானும் சுற்றுகிறேன் என்றேன். கேட் கீப்பர் சிரித்துக்கொண்டே சரி வா என்றார். தாத்தா என் கையைப் பிடித்து இழுத்து வெளியே வந்துவிட்டார். வெயிலில், கேட் திறக்கும்வரை, ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். வலித்தது என்பதால்தான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, மணிக்கட்டில் விரல் பதிந்திருந்தது. என்னை அவர் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பிடித்ததில்லை.

முப்பது வருஷம் கழித்து ழெழேன் எப்படி இருக்கும் என்று ஒரு படத்தில் பார்த்தேன். சின்னப் பெட்டி, பக்கவாட்டில் கைப்பிடி.

மார்ச் 9, மதியம் 1.15

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதிகமாகக் கதை கட்டிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. ரயில் வரும் நேரம், பொறுப்பான இடம், பையன் விளையாடக் கூடாது என்று இழுத்திருக்கலாம். தாத்தா இப்போது இல்லை, கேட்க முடியாது. அம்மாவிடம் கேட்டேன். "அவர் அல்ஜீரியாவைப் பத்திப் பேசவே மாட்டார்டா. ஆயா கேட்டாலும் சோத்தப் போடுன்னுதான் சொல்வார்" என்றாள்.

மார்ச் 9, இரவு 9.20

மசூ கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டவருக்கு.

ழெழேனைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்ததாக மசூ 1971-ல் எழுதினார். பெரிதாக ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காக. தன் அலுவலகத்தில், தன் ஆள் கைப்பிடி சுற்ற, போதும் என்றால் நிறுத்திவிடும் நிலையில் செய்த சோதனை அது. போதும் என்று சொல்ல முடியாததுதான் சித்திரவதையே. அடுத்த வருஷமே பொலார்தியேர் தன் பக்கத்தைப் புத்தகமாக எழுதிவிட்டார்.

ஆனால் மசூ 2000-இல் மாறினார். அல்ஜீரியப் போராளி லூயிஸெத் இகிலாரிஸ் தனக்கு நடந்ததை லெ மோந்த் பத்திரிகையில் சொன்ன பிறகு, அது தவிர்க்க முடியாததாக இருக்கவில்லை, வேறு விதமாகச் செய்திருக்கலாம் என்று வருத்தம் தெரிவித்தார். அப்போது அவருக்கு 92 வயது. நான் அதை மதிக்கிறேன். அவர் கீழே இருந்த ஒசாரேஸ் 2001-ல் எல்லாவற்றையும் வருத்தமே இல்லாமல் எழுதினார். தற்கொலை செய்துகொண்டார் என்று அறிவிக்கப்பட்ட எஃப்.எல்.என். தலைவர் லார்பி பென் ம்ஹிதியைத் தூக்கில் போட்டது நாங்கள்தான் என்றார். பிரெஞ்சு அரசுத் தலைவர் அதை ஒப்புக்கொண்டது 2024 நவம்பர் 1-ல்.

பொலார்தியேர் இதில் எதையும் பார்க்கவில்லை. 1986 பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

மார்ச் 10, இரவு 10.10

முன்னே சொன்ன நான்கு வருஷத்துக்கு வருகிறேன். 1957-க்குப் பிறகும் ஏன் படையில் இருந்தார்? முதலில் எனக்கு இது குறையாகப் பட்டது. இரண்டு நாளாக யோசித்ததில் அப்படித் தோன்றவில்லை. அவர் படையை வெறுக்கவில்லை. படை என்றால் இப்படித்தான் என்று மற்றவர்கள் சொன்னதை ஏற்கவில்லை. 1961 ஏப்ரலில் சலானும் இன்னும் மூன்று ஜெனரல்களும் அல்ஜியர்ஸில் அரசுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் வெளியேறினார். யாருக்கு விடுப்புக் கடிதம் எழுதினாரோ அதே சலான்.

அதற்கப்புறம் அவர் வாழ்க்கை இன்னொரு திசையில் போயிற்று. அகிம்சைப் பக்கம் வந்தார். 1973-ல் பசிபிக் கடலின் முருரோவா தீவில் பிரான்ஸ் நடத்திய அணுகுண்டுச் சோதனையைத் தடுக்க, "ஃப்ரி" என்ற பாய்க்கப்பலில் போனார். 65 வயதில். பிரெஞ்சுக் கடற்படையே கப்பலில் ஏறி அவர்களைப் பிடித்தது.

1982-ல் ஒரு சட்டம் வந்தது, கலகம் செய்த ஜெனரல்களின் பதவியை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. சலானுக்கும் சேர்த்து. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 14, இரவு 8.50

அம்மா பரணிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துக் கொடுத்தாள். தாத்தாவின் லிவ்ரே, ராணுவக் கைப்புத்தகம், அதில்தான் இருந்தது. கறையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது. அல்ஜீரியா பக்கம் திறந்தால் இரண்டு வரி. வாகனப் பிரிவு, டிரைவர், கொன்ஸ்தாந்தீன். அல்ஜியர்ஸ் இல்லை, பிளிதாவும் இல்லை. கீழே ஊதா மையில் ஒரு முத்திரை, மேலே யாரோ ஒரு அதிகாரியின் கையெழுத்து, நடத்தை நன்று என்று.

அவர் லாரியில் யாரை ஏற்றிப் போனார், எங்கே இறக்கிவிட்டார் என்பது அதில் எழுதியிருக்காது.

புதுச்சேரி, காரைக்கால் சொல்தா வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டு டின்களையும் திறந்து பாருங்கள். 1956, 57-ல் பிளிதா பக்கம் யாராவது இருந்திருந்தால் இங்கே எழுதுங்கள். பெயர் வேண்டாம், பிரிவும் ஊரும் போதும்.